உள்பக்கம் திரும்பிய திருஷ்டி பொம்மை

கார்மேக நகர் இருபத்து மூன்றாம் நம்பர் மனையில் மூங்கில் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த திருஷ்டி பொம்மை, ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொத்தனார் தவசிமுத்து டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, தன் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கி, சித்தாள்கள் டீ போட்ட அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கி, பாதி எழும்பியிருந்த ஹால் சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, மணல் குவியலில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வந்த தவசிமுத்து பொம்மை இறங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரைப் பற்றித்தான் கேட்டார்.

"எவம்லே எஞ் சுவத்துல கிறுக்குனது?"

சித்தாள் மணல் குவியலைக் கையால் காட்டினாள். தவசிமுத்து பொம்மையை ஒரு முறை முறைத்துவிட்டு, முப்பது வருஷ சர்வீஸில் தன் சுவரில் கோணல் என்று எவனும் சொன்னதில்லை என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிட்டார். சுவர் அரை இஞ்ச் வெளியே தள்ளியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் வேறு வேறு தூக்குக்குண்டை இரவல் வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் சுவரைப் பிரித்தார்.

இதெல்லாம் வந்தது இசக்கியம்மாளால்தான். வீட்டுக்காரி அவள். ஊரில் வீடு கட்டுகிற மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பழைய சட்டைக்குள்ளும் பேண்டுக்குள்ளும் வைக்கோலைத் திணித்து, தலைக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் மீசையும் பல்லும் வரைந்து, போகிற வருகிறவர்களின் பொறாமைக் கண்ணெல்லாம் அதன்மேல் விழட்டும் என்று தொங்கவிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இசக்கியம்மாளுக்கு அப்படி அரைகுறையாக ஒன்றைச் செய்ய வராது. இருபத்திரண்டு வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவள். முழங்கை மடங்குகிற இடம், முழங்கால் மடங்குகிற இடம் எல்லாம் வைத்து வெட்டி, காலர் வைத்து, பித்தானுக்குக் காஜா எடுத்து, முகத்துக்குக் காடாத்துணி போட்டு, இரண்டு கண்ணையும் கறுப்பு நூலில் நெருக்கமாகத் தைத்து, மூன்று நாள் உட்கார்ந்து அந்தப் பொம்மையைச் செய்தாள். தனியார் பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் பூதத்தான் அதைக் கம்பத்தில் கட்டும்போதே, "இது திருஷ்டி பொம்மை மாதிரியா இருக்கு? ஆபீசர் மாதிரில்லா இருக்கு" என்றான்.

செய்தது போதாதென்று அதைத் திருப்பியும் வைத்தாள். எதிர்வீட்டு ரெஜினா டீச்சர் ஒருநாள் தெருவைத் தாண்டி வந்து, "இசக்கி, தப்பா நெனைக்காத. ஒம் பொம்ம எங்க அடுப்படியவே பாக்குது. நான் தோச ஊத்துனா எத்தன தோசன்னு எண்ணுத மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார். நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டிய அண்டைவீட்டுக்காரர். வீடு எழும்புவதற்கு முன்னாலேயே சண்டை எதற்கு என்று இசக்கியம்மாள் ஏணி போட்டு ஏறி, தெருவைப் பார்த்து நின்ற பொம்மையை வீட்டைப் பார்க்கத் திருப்பிக் கட்டினாள். ஊரார் கண்ணை வாங்குவதற்காகச் செய்த கண் இப்போது சிமெண்டையும் செங்கல்லையும் பார்த்தது. நாள் பூராவும் பார்த்தது. ஒன்பதாம் நாள் இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து வேலை ஓர் அடி முன்னே போனால் இரண்டடி பின்னே வந்தது. காலையில் தவசிமுத்து கட்டுவார். அவர் சாப்பிட உட்காரும்போது பொம்மை எழுந்து, வைக்கோல் சரசரக்க ஒவ்வொரு மூலையாகப் போய்க் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, மூஞ்சியைச் சுவரோடு ஒட்டவைத்து ஒரு கண்ணால் பார்த்து, எங்கே ஒரு செங்கல் சரியாக நனையாமல் வைத்திருக்கிறதோ, எங்கே கம்பி கட்டாமல் விட்டிருக்கிறதோ, எங்கே கலவையில் மணல் தூக்கலோ அங்கே கரியால் ஒரு குறி போடும். ஜன்னலுக்குப் போட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் போட்டது. கக்கூஸ் குழாய்ச் சரிவுக்கு ஒரே நாளில் நான்கு போட்டது. மூலைமட்டமும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குறியும் சரியாக இருந்ததுதான் எல்லாருக்கும் எரிச்சல். தப்பாகப் போட்டிருந்தால் திட்டவாவது திட்டலாம்.

இசக்கியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு இந்த வீடு தை மாதம் முடிவதற்குள் முடிந்தாக வேண்டும். பதினோரு வருஷமாக அவளும் பூதத்தானும் அவன் அண்ணன் வீட்டில், தெற்குப் பார்த்த ஒரே அறையில் இருந்தார்கள். அண்ணன் மகனுக்கு மாசி மூன்றாம் தேதி கல்யாணம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்க அந்த அறை வேண்டும். அது ஒரு காரணம். வெளியே சொல்லாத காரணம், அண்ணன் பெண்டாட்டியான அவள் ஓரகத்தி முப்புடாதி. முப்புடாதி கெட்டவள் இல்லை, கை நீட்டினவள் இல்லை, பசிக்க விட்டவளும் இல்லை. ஆனால் இசக்கியம்மாள் வைத்த சாம்பார் ஒருநாளாவது சரியாக இருந்ததில்லை, பெருக்கின வாசல் ஒருநாளாவது சுத்தமாக இருந்ததில்லை, கறிவேப்பிலையைக் கிள்ளினால் உருவியிருக்க வேண்டும், உருவினால் கிள்ளியிருக்க வேண்டும். பதினோரு வருஷம் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, குறை சொல்ல ஆளில்லாத ஒரு கூரைக்கு அடியில் போய் மூச்சு விடலாம் என்று அவள் ஆசைப்பட்டால், குறை சொல்கிற ஆளை அவளே உட்கார்ந்து காஜா எடுத்துத் தைத்து வைத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

ஊர் என்னவோ பொம்மையைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் யோசனை சொன்னார்கள், மூன்றாவது வாரம் இரவல் கேட்டார்கள். கார்மேக நகரில் அப்போது எழும்பிக்கொண்டிருந்தவை பதினான்கு வீடுகள். மற்றப் பதின்மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் பொம்மைகளை உள்பக்கம் திருப்பிக் கட்டிப் பார்த்தார்கள். அவையும் இறங்கத்தான் செய்தன. ஆனால் சட்டித் தலையும் மடங்காத காலுமாக இருந்ததால் நடக்க முடியாமல் ஜல்லிக் குவியலில் சாய்ந்து கிடந்து, வருகிற லாரிக்கு இடைஞ்சலாக இருந்தன. அதனால் இசக்கியம்மாளின் பொம்மைக்குத்தான் கிராக்கி. டிவிஎஸ் பிப்டியில் பின்னால் உட்கார வைத்து, போலீஸ் பிடிக்கக்கூடாதென்று ஹெல்மெட்டும் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளையார் கோயிலின் புதுக் காம்பவுண்டுச் சுவரில் அது ஏழு குறி போட்டது. கமிட்டிக்காரர்கள் இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, பொம்மைக்கு ஒரு மாலையும் போட்டுச் சுவரை இடித்தார்கள். வெற்றிலைக்கடைக்காரர் தன் மகளுக்கு வரன் பார்க்கப் போகும்போது அதையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டு உத்தரத்தில் அது குறி போட்டதும் காபி குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். ரெஜினா டீச்சரே ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "எங்க மொட்ட மாடி ஒழுகுது, ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லு" என்று கேட்டார். யாரும் இசக்கியம்மாளிடம், உன் வீடு எப்போது முடியும் என்று மட்டும் கேட்கவில்லை.

இப்படிப் போய்வந்ததில் பொம்மைக்குக் கணுக்காலில் தையல் விட்டு வைக்கோல் கொட்டியது. அதையும் அவள்தான் திட்டிக்கொண்டே தைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் விட அவளைக் கொதிக்க வைத்தவர் நகராட்சி ஓவர்சியர் பொன்னுலிங்கம். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு ஒரு தடவை, காங்கிரீட்டுக்கு ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை வந்து பார்த்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து இல்லாமல் கரண்ட் கிடையாது. அதுவரை பொன்னுலிங்கம் வண்டியை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. என்ஜினை அணைக்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, பெட்ரோல் டாங்கின் மேல் பைலை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சோதனை என்ற பெயரில் அவர் செய்ததெல்லாம், "வடக்க எந்தப் பக்கம்?" என்று கேட்பது ஒன்றுதான். அந்த மனுஷன், பிரித்து வாசலில் போட்டிருந்த பழைய ஹால் சுவர்ச் செங்கல்லில் கரிக்குறியைப் பார்த்த அன்றைக்குச் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார்.

"இது யாரு போட்டது?"

"பொம்ம போட்டது சார்" என்றாள் இசக்கியம்மாள்.

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு. பிரிச்சுக் கட்டியாச்சு. நீங்க கையெழுத்துப் போடுங்க."

பொன்னுலிங்கத்தின் முகத்தில் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காணாத நிம்மதி தெரிந்தது. "இவ்வளவு கரெக்டா பாக்க ஒரு ஆளு இருக்கும்போது நான் எதுக்கும்மா குறுக்க? அது குறி போடாம விடட்டும், நான் கண்ண மூடிட்டுப் போடுதேன்" என்றார். போகிற வழியில் மற்றப் பதின்மூன்று வீட்டுக்கும் அதையே சொன்னார். அடுத்த வாரம் அவருடைய படிவத்தில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: பொம்மை ஆட்சேபம், உண்டு, இல்லை. ரப்பர் ஸ்டாம்பு செய்து குத்தியிருந்தார்.

இசக்கியம்மாள் மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தாள். "சார், அது வைக்கோலு சார். நாந்தான் தச்சேன்" என்றாள். "நல்லா தச்சிருக்கீங்க" என்றார் பொன்னுலிங்கம்.

ஐப்பசி மழையில் தளம் போட்டார்கள். பொம்மை நனைந்துகொண்டே நின்று ஒவ்வொரு சட்டிக் கலவையையும் பார்த்தது. கார்த்திகையில் பூச்சு முடிந்து, மார்கழியில் தரை போட்டு, குறிகள் நாற்பதிலிருந்து இருபதாகி, இருபதிலிருந்து ஆறாகி, தை பிறந்தபோது வீடு முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு குறிதான் பாக்கி. அது சமையலறையில், அடுப்பு மேடைக் கல்லுக்கு அரைச் சாண் கீழே, சுவரில் இருந்தது.

தவசிமுத்து மேடையில் ரசமட்டத்தை வைத்தார். நீர்க்குமிழி நட்டநடுவில் போய் நின்றது. தட்டிப் பார்த்தார், திடமாக இருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், தொட்டிப் பக்கம் ஒழுங்காக ஓடியது. கல்லைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தார். பொம்மை மறுபடி குறி போட்டது. சுவரைக் கொத்திப் பூசினார். அதே இடத்தில் குறி. மூன்றாவது தடவை கல்லையே மாற்றினார். குறி.

"தங்கச்சி, இந்த ஒண்ணுல பொம்ம தப்புப் பண்ணுது" என்றார் தவசிமுத்து. ஐந்து மாதமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் காத்திருந்த மாதிரி இருந்தது. ஊருக்கும் விஷயம் பரவி, அக்கினி மூலை என்றார்கள், அடியில் பாம்புப் புற்று என்றார்கள், மேடையில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று திருஷ்டி பொம்மைக்கே திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார்கள். தை பதினைந்து போய்விட்டது. அண்ணன் வீட்டில் முப்புடாதி, "அறைக்கு வெள்ளையடிக்கணும், எப்பத்தான் காலி பண்ணப்போற?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதில் தப்பில்லை, தேதி அப்படி இருந்தது.

மறுநாள் மத்தியானம் இசக்கியம்மாள் மிஷினிலிருந்து எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல், வேகு வேகென்று மனைக்கு வந்தாள். சமையலறையில் பொம்மை தனியாக, மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தது.

"ஒனக்கு என்னதான்டா வேணும்?" என்று கத்தினாள். "ஒன்ன நான் பெத்தேனா, கும்பிட்டேனா? ஊர்க் கண்ணுக்குன்னு வச்சேன், எங் கண்ணுலயே வெரல விடுத. கட்டுனது கோணல்ன, பிரிச்சேன். பூசுனது சரியில்லன்ன, கொத்துனேன். இது நேராத்தான இருக்கு! நேரா இருக்கதுக்கும் குத்தம் சொல்லுதியே, நீயும் அவள மாதிரியேதானா? எத்தன வருசம் நான் கேக்க? எவ்வளவு செஞ்சா எனக்குச் சரின்னு ஒரு வார்த்த கெடைக்கும்?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேடையைப் பிடித்தாள்.

பொம்மை எழுந்தது. அவள் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தது. ஒரு முனையை அவள் குதிகாலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, அவள் தைத்துக் கொடுத்த முழங்காலை மெல்ல நிமிர்த்தி எழும்பி, மறு முனையை அவள் முழங்கை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திற்று. அங்கிருந்து நாலு விரற்கடை கீழே இறக்கி, அந்த உயரத்தைச் சுவருக்குக் கொண்டுபோய்க் கரியால் ஒரு கோடு இழுத்தது. கோடு மேடைக் கல்லுக்கு ஐந்து இஞ்ச் கீழே, குறி இருந்த இடத்துக்கு நேராக விழுந்தது. பொம்மை டேப்பைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தது.

இசக்கியம்மாள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். ஊரில் அவள் அளவெடுக்காத பெண் இல்லை. அவளுக்கு யாரும் எடுத்ததில்லை; அவளுடைய ஜாக்கெட்டைக்கூடப் பழைய ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்துப்போட்டுத்தான் வெட்டிக்கொள்வாள். தவசிமுத்து, "மேடை எத்தன ஒயரம் தங்கச்சி?" என்று கேட்டபோது அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போய் அந்த மேடையை அளந்துகொண்டு வந்து, மூணு அடி என்று சொல்லிவிட்டாள். அந்த மேடை முப்புடாதிக்காகக் கட்டியது. முப்புடாதி நெடுநெடுவென்று வளர்ந்தவள். பதினோரு வருஷமாக இசக்கியம்மாள் அங்கே ஒரு மணைப் பலகையைப் போட்டு ஏறி நின்றுதான் சமைத்துக்கொண்டிருந்தாள், மேடை என்றால் எட்டாமல்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. பூதத்தான் பஸ்ஸைச் சக டிரைவரிடம் விட்டுவிட்டு, பொன்னுலிங்கத்தைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பொன்னுலிங்கத்துக்கு மறுநாளிலிருந்து ஒரு மாதம் வெளியூரில் பயிற்சி. கையில் இருக்கிற பைலை எல்லாம் முடித்துவிட்டுப் போக வேண்டும். அதனால் அவரும் நல்ல மனநிலையில் இருந்தார். மேடைக்குக் கீழே குனிந்து பார்த்து, "இந்த ஒத்தக் குறிக்கா இவ்வளவு பாடு?" என்று சொல்லிப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் குறியை அழுத்தித் துடைத்தார். கோட்டையும் சேர்த்துத் துடைத்தார். "ஆட்சேபம் இல்ல. போட்டுரலாமா?"

"போடுங்க சார், போடுங்க" என்றான் பூதத்தான்.

ஐந்து மாதமாக அவள் அலைந்தது இதற்குத்தான். பொன்னுலிங்கம் பேனா மூடியைத் திறந்துவிட்டார். இசக்கியம்மாள் பொம்மையைப் பார்த்தாள். அது சுவரில் சாய்ந்து, கையைத் தொங்கவிட்டு நின்றது, எழுந்து வரவில்லை. அவளே குனிந்து, தரையில் கிடந்த கரியை எடுத்து, துடைத்த இடத்தில், அது போட்டதைவிடப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"போடாதீங்க சார். மேட சரியில்ல."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" பூதத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இவுக போனா ஒரு மாசம் ஆவும்ட்டி திரும்பி வர. கரண்டு இல்லாம எப்படிக் குடியிருக்க? ரசமட்டம் சரியா நிக்குதுன்னு கொத்தனாரு சொல்லுதாரு. ஒனக்கு என்னட்டி கொற?"

"கல்லுக்குக் கொற இல்ல. எனக்கு எட்டல."

"அதுக்கு ஒரு பலகையப் போட்டுக்கிட்டா ஆச்சு!"

இசக்கியம்மாள் அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை. பூதத்தானுக்குச் சொன்ன வார்த்தை வாயிலேயே கசந்தது. வெளியே போய்த் தவசிமுத்துவைக் கூப்பிட்டு, மேடையை ஐந்து இஞ்ச் இறக்க வேண்டும் என்று அவனே சொன்னான். தவசிமுத்து கரண்டியைத் தரையில் எறிந்துவிட்டு, இந்தத் தொழிலுக்கு வந்ததற்குத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பொன்னுலிங்கம் பேனாவை மூடிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டார்.

பொம்மை அன்று சாயங்காலம் தானே கம்பத்தில் ஏறிக் கயிற்றை மாட்டிக்கொண்டது. அதன்பிறகு யார் வந்து கூப்பிட்டும், யார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தியும், அது அசையவில்லை. மற்ற பதின்மூன்று வீட்டுக்காரர்களும் இசக்கியம்மாளைத் திட்டித் தீர்த்தார்கள். பிறகு ஓவர்சியர் வந்தால் எப்படி வண்டியை விட்டு இறக்குவது என்று கூட்டம் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், வழக்கப்படி, அவள் பொம்மையை இறக்கித் தெருமுனையில் கொளுத்தினாள். கொளுத்துவதற்கு முன் பித்தான்களை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துக்கொண்டாள், நல்ல பித்தான்கள்.

தை இருபத்தெட்டு, காலை ஆறு மணி. கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டால் சமையலறைக்கு வெளிச்சம் போதுமானதாக இருந்தது. அடுப்பில் புதுப் பானை, பானையில் பால். அண்ணன் குடும்பம் முழுக்க வந்திருந்தது. மூத்தவள் என்ற முறைக்கு முப்புடாதிதான் முதலில் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். அவள் பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேடைக்கு வந்து, தீப்பெட்டியை உரசிக் குனிந்து, இன்னும் குனிந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். நிமிரும்போது முதுகு பிடித்துக்கொண்டது.

"என்ன இசக்கி, மேட இவ்வளவு தாழ்ச்சியா கட்டியிருக்க? எவன் எடுத்த அளவு இது?"

அறையில் இருந்த எல்லாரும் இசக்கியம்மாளைப் பார்த்தார்கள். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் தரையில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி, முழங்கை மடங்க, எக்காமல், கரண்டியைப் பிடித்து நின்றாள்.

"எனக்கு எடுத்த அளவு அக்கா" என்றாள். பால் பொங்கியது.